மெதுவாக நகரும் அறிவியல் புனைவுப் படங்களை மறுபடி பார்க்கலாமா? அவற்றின் இரண்டாம் பாகங்களைத் தொடாமலேயே விட்டுவிடலாமா?

"2001: எ ஸ்பேஸ் ஒடிசி", "பிளேட் ரன்னர்" மாதிரிப் படங்கள் இத்தனை வருடம் கழித்துத் தாங்குமா, இரண்டாம் பாகங்களைத் தொடாமலேயே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் "தொடாமலேயே" தான் என்னைச் சுட்டது. இல்லாவிட்டால் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் "2001 பிடிக்கவில்லையா, அப்போது சினிமாவே தெரியாது" என்று சொல்லியிருப்பார். போட்டுப் பார்த்திருப்பீர்கள். குரங்குகள் வந்திருக்கும், போயிருக்கும், யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள், நீங்கள் போனை எடுத்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் முதல் வசனம் வரவே ஏறக்குறைய 25 நிமிடம் ஆகிறது. 1968இல் முதல் காட்சிகளிலேயே ஆட்கள் எழுந்து போனார்கள். இயக்குநர் குப்ரிக்கே அதன் பிறகு சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். நாம் இன்று பார்ப்பது வெட்டியது போக மிச்சம்.

என் கதை இதைவிடக் கேவலம். 1999இல் திருச்சியில் கல்லூரி விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வாடகைக்கு எடுத்த விசிடி, இரண்டு தட்டு. அவசரத்தில் இரண்டாவது தட்டை முதலில் போட்டுவிட்டோம். விண்கலத்தில் இரண்டு பேர், ஒரு சிவப்புக் கண், சண்டை, சாவு, வண்ண வண்ணமாக வெளிச்சம், ஒரு கிழவர், வானத்தில் மிதக்கும் குழந்தை. அடுத்த தட்டைப் போட்டால் குரங்குகள். அறையில் ஆறு பேர், ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. "மனிதன் முற்றும் போய் மறுபடி குரங்காகப் பிறக்கிறான்டா" என்று ஒருவன் விளக்கமே கொடுத்தான். நான் குரங்குகள் தண்ணீருக்குச் சண்டை போடும்போது தூங்கிவிட்டேன்.

ஆனால் அதற்கப்புறம் ஏழு வருடம் "குப்ரிக்கின் மௌனம்" என்று யார் கேட்டாலும் பேசிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் பார்த்திருக்கவில்லை, அதனால் மாட்டவில்லை.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். "2010: தி இயர் வி மேக் காண்டாக்ட்". 1984இல் பீட்டர் ஹயம்ஸ் எடுத்தது. இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: முதல் படம் கேள்வியோடு விட்டது, இது எல்லாவற்றையும் விளக்கித் தொலைக்கிறது. உண்மைதான். நானே ஒத்துக்கொள்கிறேன். கதாநாயகன் ராய் ஷைடர் மனைவிக்குக் கடிதம் எழுதுகிற மாதிரிக் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொள்கின்றன, கடைசியில் வானத்திலிருந்து சமாதானமாக இருங்கள் என்று செய்தியே வருகிறது. குப்ரிக்குக்கு இதைக் காட்டினால் என்ன சொல்லியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். இதைப் படித்துவிட்டுக் கீழே வந்து "2010ஐ 2001க்குச் சமமாக வைக்கிறாயா" என்று கேட்பவர்களுக்கு: வைக்கவில்லை. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் அதை எப்போது பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

2006. சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் வேலை. பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, திரையில் இருப்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், தவறான தகவல் சொன்னால் அது "ஃபேட்டல்", அந்த அழைப்புக்குப் பூஜ்யம் மார்க். இரண்டாவது வாரம் டீம் லீடர் வந்து சொன்னது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று திரையில் இருந்தாலும் நாம் சொல்லக் கூடாது, கடிதம் போய்ச் சேரும் வரை "பரிசீலனையில் இருக்கிறது" என்றே சொல்ல வேண்டும். கடிதம் எப்போது போகும்? அது வேறு துறை.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. கணவர் இறந்து அதற்கான பணம் கேட்டிருந்தார். எப்படியோ எனக்கே அடிக்கடி அவர் அழைப்பு விழும், ஏழு முறை விழுந்தது. "ஏந்தம்பி, இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்களா?" திரையில் சிவப்பில் எழுதியிருக்கும். "பரிசீலனையில இருக்கும்மா." "சரி தம்பி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒரு கட்டத்துக்குமேல் எனக்கு வேலையே ஓடவில்லை. எனக்கு அது பெரிய தார்மீகப் போராட்டமாகத் தெரியவே இல்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். சின்னச் சின்னப் பிழைதான். பாலிசி எண்ணை மாற்றித் தட்டுவேன். மியூட் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் குழம்பில் உப்பு கம்மி என்று தட்டைத் தள்ளினேன், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அப்படி ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி இரண்டரைக்கு வேன் இறக்கிவிட்டது. தூக்கம் வராமல் டிவியைப் போட்டால் ஏதோ ஆங்கிலச் சேனலில் 2010 பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. வியாழனைச் சுற்றிக் கிடக்கும் பழைய விண்கலத்துக்குப் போய், ஹால் 9000 கணினியை உருவாக்கிய டாக்டர் சந்திரா அதை எழுப்புகிறார். முதல் படத்தில் ஹால் ஏன் விண்கலத்தில் இருந்த ஆட்களைக் கொன்றது என்று கண்டுபிடித்துச் சொல்கிறார். ஹாலுக்கு அடிப்படையாகக் கற்றுக்கொடுத்தது தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் கொடுக்க வேண்டும் என்பது. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கூட இருக்கும் இரண்டு பேரிடம் மறைக்க வேண்டும் என்பது. பொய்யைச் சுலபமாகச் சொல்லக்கூடியவர்கள் அதைப் பொய் சொல்லச் சொன்னார்கள், அதற்குச் சொல்லத் தெரியவில்லை, கலங்கிப்போய்விட்டது. இவ்வளவுதான் விளக்கம்.

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிடுகிற அதே விளக்கம். நான் நேராக எழுந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. அவருடைய எட்டாவது அழைப்பு வேறு யாருக்கோ போயிருக்கும். மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். கடிதம் போனதா, அவருக்குப் படித்துச் சொல்ல ஆள் இருந்ததா, தெரியாது.

அதனால்தான் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியை என்னால் இன்றும் ஒழுங்காகப் பார்க்க முடிவதில்லை. (நாற்பது வருடப் படம், ஸ்பாய்லர் என்று யாரும் வராதீர்கள்.) விண்கலத்தையும் ஹாலையும் விட்டுவிட்டு மற்றவர்கள் தப்ப வேண்டும். இன்ஜினை ஓட்ட வேண்டியது ஹால்தான். அது ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்குப் பயம், உண்மை தெரிந்தால் மறுத்துவிடுமோ என்று. சந்திரா சொல்லிவிடுகிறார்: நீ இங்கேயே இருந்தால் அழிந்துவிடுவாய். உண்மையைச் சொன்னதற்கு ஹால் நன்றி சொல்கிறது. கனவு வருமா என்று அது கேட்க, தெரியாது என்கிறார். படத்தின் தொடக்கத்தில் வேறொரு கணினி இதே கேள்வியைக் கேட்டபோது, வராமலா என்று சுலபமாகச் சொன்ன அதே மனிதர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவு. டாக்டர் சந்திராவாக நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்கர். நல்ல நடிகர், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு மூலமான ஆர்தர் சி. கிளார்க்கின் 1982 நாவலில் அந்த மனிதருக்கு முழுப் பெயர் இருக்கிறது: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. உலகத்தின் மிகப் பிரபலமான கணினியை உருவாக்கியவர், பெயரை வைத்துப் பார்த்தால் நம்ம ஆள்! கிளார்க் 1956லிருந்து இலங்கையில் குடியிருந்தவர். அந்தப் பெயரை அவர் வானத்திலிருந்து பிடித்திருக்க மாட்டார், "சேகரம்பிள்ளை" என்பதில் யாழ்ப்பாணத்து ஓசை அப்படியே இருக்கிறது. (சாதிப் பெயரைக் கொண்டாடுகிறான் என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கே பிள்ளை பெயரோடு ஒட்டி வருவது வேறு கதை.) முன்னால் இருக்கும் சிவசுப்பிரமணியன் அப்பா பெயராக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதனால்தான் எல்லோரும் அவரைச் "சந்திரா" என்கிறார்கள், "சிவா" என்று கூப்பிடவில்லை. அதாவது, தமிழன் பெயரில் எது அவன் பெயர், எது அவன் அப்பா பெயர் என்பது 1982இல் ஓர் ஆங்கிலேயருக்குப் பிடிபட்டிருக்கிறது.

என் பாஸ்போர்ட் அலுவலர்களுக்குப் பிடிபடவில்லை. இனிஷியலை விரித்து எழுது என்றார்கள், எழுதினேன். எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று கட்டத்தில் நிரப்பச் சொன்னார்கள், எங்கள் வீட்டில் யாருக்குக் குடும்பப் பெயர் இருந்தது? பிறகு வேலை விஷயமாக அமெரிக்காவில் மூன்று மாதம் இருந்தபோது எல்லா மின்னஞ்சலும் என் அப்பா பெயருக்கு. கூட்டத்தில் என் அப்பாவைப் பாராட்டினார்கள். அவர் தாமதமாக வந்ததாக ஒரு முறை கண்டித்தார்கள். திருச்சிக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "பரவாயில்லடா, நானும் அமெரிக்கா பாத்தாச்சு" என்றார்.

சரி, மறுபடி பார்ப்பது. போன வருடம் பதினேழு வயது மகளோடு சேர்ந்து முதல் நாள் 2001, மறுநாள் 2010. தட்டு மாறவில்லை இந்த முறை.

2001 படத்தில் நான் விடுதிக் காலத்தில் கவனிக்கவே செய்யாத ஓர் இடம். ஃபிராங்க் பூல் என்ற விண்வெளி வீரனுக்குப் பிறந்தநாள். பூமியிலிருந்து அப்பா அம்மா கேக் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடி வாழ்த்து அனுப்புகிறார்கள். பதிவு செய்து வந்த செய்தி, பதிலுக்குப் பேச முடியாது. அவன் வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்க்கிறான். முடிந்ததும் ஹாலிடம் படுக்கையைச் சரிசெய்யச் சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி, ஒன்றுமே நடப்பதில்லை. ஆனால் திருச்சியிலிருந்து அம்மா அனுப்பும் வீடியோ வாழ்த்துகளை ஆபீஸ் வாசலில் நின்றபடி நான் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் காட்சி வேகமாக ஓடியிருந்தால் இது தோன்றியிருக்காது.

அதேபோல ஹால் சாகும் காட்சி. கூட இருக்கும் இன்னொரு வீரன் டேவ் அதன் நினைவக அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, அது பயமாக இருக்கிறது என்கிறது, கடைசியில் "டெய்சி பெல்" பாட்டைப் பாடிக்கொண்டே குரல் இழுத்து இழுத்துத் தேய்கிறது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினியைப் பாடவைத்தது இதே பாட்டைத்தான், கிளார்க் அதை நேரில் கேட்டிருக்கிறார். மகள் அந்தக் காட்சியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின ஒரு மணி நேரம் "அப்பா, ஒன்றரை வேகத்தில் போடலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

2010ஐப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். 2001க்குச் செய்த விண்கல மாதிரி வடிவங்களை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாதென்று குப்ரிக் அழிக்கச் செய்துவிட்டார், ஹயம்ஸ் ஆட்கள் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த விண்கலத்தை மறுபடி கட்டினார்கள். கொழும்பில் கிளார்க்கும் லாஸ் ஏஞ்சலஸில் ஹயம்ஸும் கணினி, மோடம் வைத்துக் கடிதம் அனுப்பியே திரைக்கதையைப் பேசிக்கொண்டார்கள், நம் ஊரில் அப்போது டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலம். வெள்ளை மாளிகைக்கு முன்னால் பெஞ்சில் புறாக்களுக்குத் தீனி போடும் பெரியவரைக் கவனியுங்கள், அவர்தான் கிளார்க்.

பிளேட் ரன்னரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1982 படத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. 2007இல் வந்த "ஃபைனல் கட்"டைப் பாருங்கள். முதலில் திரையரங்குக்கு வந்ததில் தயாரிப்பாளர்கள் கட்டாயப்படுத்திச் சேர்த்த பின்னணிக் குரலும், "தி ஷைனிங்" படத்தில் மிஞ்சிய வான்காட்சிகளை ஒட்டிய சுபமும் இருக்கும், தாங்காது. 2017இல் டெனி வில்நெவ் எடுத்த இரண்டாம் பாகம், 163 நிமிடம், ஒளிப்பதிவுக்கு ரோஜர் டீக்கின்ஸ் கடைசியில் ஆஸ்கர் வாங்கினார். முதல் படத்தின் நிதானத்தை அது கைவிடவே இல்லை, நேர்மையாகச் சொன்னால் 2010ஐவிட நல்ல படம். ஆனால் நான் அதை ஒரு முறைதான் பார்த்தேன், இடைவேளைக்குப் பிறகு பின்வரிசையில் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எழுதி முடித்ததை மனைவி படித்தாள். பாஸ்போர்ட் கதை எதற்கு, கேள்விக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், எடுத்துவிடு என்கிறாள். உப்பு விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.