புழுவெட்டில் முளைக்கும் வெள்ளை முடி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எட்டு மாதம் முன்பு பின்னந்தலையில் காசளவுக்குப் புழுவெட்டு வந்தது. மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். இப்போது முடி முளைக்கிறது, ஆனால் அத்தனையும் வெள்ளை. எனக்கு வயது 31தான். வெண்புள்ளியாக இருக்குமோ? "பிடுங்கிவிடு, அடுத்தது கறுப்பாக வரும்" என்கிறார்கள் வீட்டில்.

செ.

அன்புள்ள செ.,

முதலில், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நிறம் மாறாது. இப்போதுதான் தேறிவரும் வேருக்கு இன்னொரு அடி, அவ்வளவுதான்.

புழுவெட்டு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, பாதி பயம் அந்தப் பெயரால். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. நம் உடலின் வெள்ளணுக்களே முடியின் வேர்க்குமிழைப் பகையென்று எண்ணி, தேனீக்கள் மொய்ப்பதுபோல் சூழ்ந்துகொள்கின்றன. முடிக்குக் கறுப்பேற்றும் நிறமிச் செல்கள் இருப்பதும் அந்தக் குமிழில்தான். தாக்குதலின் உண்மையான குறியே அவைதானோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. ஏற்கெனவே நரைத்த முடியைப் புழுவெட்டு பெரும்பாலும் தொடுவதில்லை. 1793இல் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் கருவிக்குப் போன பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் கூந்தல் முந்தைய இரவில் வெளுத்துவிட்டதாக ஒரு கதை சொல்வார்கள். வளர்ந்துவிட்ட முடி ஓர் இரவில் வெளுக்காது. கதையில் உண்மை இருந்தால், நிறமுள்ள முடி மட்டும் மளமளவென்று கொட்டி நரை மிஞ்சியிருக்கலாம் என்பது தோல் மருத்துவர்களின் விளக்கம்.

உங்கள் தலைக்கு வருவோம். குமிழுக்குச் சற்று மேலே இருக்கும், புது முடியை உண்டாக்கும் தண்டுச் செல்கள் இந்த நோயில் தப்பிவிடுகின்றன. அதனால்தான் மறுபடி முளைக்கிறது. முடியை நெய்யும் வேலை முதலில் தொடங்கிவிடும், சாயம் ஏற்றும் வேலை பின்தங்கி வரும். நுனி வெள்ளையும் அடி கறுப்புமாக ஒரே முடி இரு நிறத்தில் நிற்பதைக்கூடப் பார்க்கலாம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும், ஆகவே தினமும் கண்ணாடி பார்த்துப் பயனில்லை. சிலருக்குச் சில முடிகள் வெள்ளையாகவே தங்கிவிடுவதும் உண்டு.

வெண்புள்ளி என்றால் தோலும் வெளுக்கும். முடியை விலக்கிப் பாருங்கள்; அடித்தோல் சுற்றியுள்ள நிறத்திலேயே இருந்தால் கவலை வேண்டாம். இரண்டும் ஒருவருக்கே வருவதும் உண்டு என்பதால், வெளுப்பு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்குத் தாடியில் வந்தது. வெள்ளைக் கீற்றை வெட்கப்பட்டு வாரம் தவறாமல் மழித்துக்கொண்டிருந்தேன். எந்த மாதம் கறுத்தது என்று இன்றுவரை தெரியாது.