போனஸ் காசுல எந்தக் கடன மொதல்ல அடைக்கிறது?

அண்ணா வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், சம்பளம் 38,000. கிரெடிட் கார்டுல 1,10,000 நிக்குது, மாசாமாசம் மினிமம் 5,500 கட்டிர்றேன். பர்சனல் லோன் பாக்கி 2,40,000. வீட்டுக்காரம்மா நகை பேங்க்ல 1,50,000க்கு இருக்கு. தெரிஞ்சவர்கிட்ட அஞ்சு வட்டிக்கு 20,000, மச்சினன் கைமாத்தா குடுத்தது 60,000. தீபாவளி போனஸ் 60,000 கிட்ட வரும்ங்க. அத மச்சினனுக்கு குடுத்து மானத்த காப்பாத்திக்கவா, இல்ல நகைல கொஞ்சமாவது திருப்பவா?
- ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி,

நீங்க கேட்ட ரெண்டுமே வட்டி கம்மியான கடன். உங்கள அரிச்சுத் திங்கிறது எதுவோ அத பத்தி லெட்டர்ல கேள்வியே இல்ல.

பேங்க்ல வருஷக் கணக்கு சொல்வாங்க, கார்டுல மாசக் கணக்கு, அதனாலதான் ஒன்னோட ஒன்ன ஒப்பிட முடியாம குழம்புறோம். நம்மூர் கணக்குல எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, நூத்துக்கு மாசம் எத்தன ரூவான்னு. நகைக்கடன் 9 சதவீதம்னா முக்கா வட்டி. பர்சனல் லோன் 15ன்னா ஒன்னேகால். மச்சினன் சைபர். கார்டு ஸ்டேட்மெண்ட்ல பொடி எழுத்துல இருக்கும் பாருங்க, பல கார்டுல மூன்றரைக்கு மேலயே இருக்கு, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற, ஆக நாலத் தாண்டிடுச்சு. அஞ்சு வட்டிக்காரர ஊரே திட்டுது, நாலு வட்டிக்காரன் மால்ல டை கட்டிக்கிட்டு நின்னு பேனாவும் குடுத்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான்.

மூன்றரைன்னே வச்சுக்குங்க. 1,10,000க்கு வட்டி 3,850, ஜிஎஸ்டி 693. நீங்க கட்டுற 5,500ல 4,543 அதுக்கே போயிடுது, அசல்ல கழியறது ஆயிரம் கூட இல்ல. அதுலயே பெட்ரோல் போட்டீங்கன்னா அதுவும் போச்சு, பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் புது செலவுக்கு வட்டியில்லா நாளே கிடையாது, தேய்ச்ச அன்னியிலிருந்தே ஓடும்.

அதனால போனஸ்ல 20,000 அஞ்சு வட்டிக்காரருக்கு. குடுக்குறப்பவே புரோநோட்டையும், வெத்து செக் குடுத்திருந்தா அதையும் கையோட வாங்கிருங்க, "நாளைக்கு தரேன்"ன்னா காசையும் நாளைக்கு தரேன்னு எந்திரிச்சு வந்துருங்க. மிச்சம் 40,000 கார்டுக்கு. பாக்கி 70,000 ஆனதும் மினிமம் 3,500ன்னு வரும், அப்பாடான்னு அத மட்டும் கட்டாதீங்க, அந்த குழியிலதான் எல்லாரும் விழறோம். அதே 5,500 கட்டுனா 19 மாசத்துல முடியும். கஸ்டமர் கேர்ல பேசி பாக்கிய ஈஎம்ஐயா மாத்த முடியுமான்னும் கேளுங்க, ஒன்னரை வட்டிக்குள்ள கெடச்சா லாபம்தான், ப்ராசசிங் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க.

இன்னும் கொஞ்சம் நகைய வச்சு கார்ட ஒரேயடியா முடிச்சிரலாமேன்னு தோணும். கணக்குப்படி சரிதான், நாலு வட்டிய முக்கா வட்டியா ஆக்குறீங்க. நானும் அப்படித்தான் வீட்ல செயின வாங்கி வச்சேன், கார்ட அடைச்சேன், ஆனா கார்ட வெட்டல. எட்டு மாசத்துல கார்டு மறுபடி ரொம்பிடுச்சு, செயினும் உள்ள இருக்கு. வீட்ல இன்னிக்கு வரைக்கும் அத பத்தி ஒரு வார்த்த கேக்கல, அதுதான் பெரிய தண்டனை. கார்ட க்ளோஸ் பண்ற தைரியம் இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க, அதுவும் நகை அவங்களோடது, முடிவும் அவங்களோடது.

ஏற்கனவே இருக்குற நகைக்கு கெடு தேதிய காலண்டர்ல வட்டம் போடுங்க. வட்டிய கட்டி மாத்தி வைக்க மறந்தா ஏல நோட்டீஸ்தான். பர்சனல் லோன் அதுபாட்டுக்கு ஓடட்டும்.

மச்சினன் விஷயம் கணக்குல சைபர்னாலும் அங்க வட்டி ஓடலன்னு நெனைக்காதீங்க. ஒவ்வொரு விசேஷத்துக்கும் அண்ணன் தம்பி முன்னாடி உங்க வீட்டுக்காரம்மா தலைய குனிஞ்சு நிக்கிறாங்களே, அந்த வட்டிய கட்டுறது அவங்க. அஞ்சு வட்டி முடிஞ்சா மாசம் ஆயிரம் மிச்சமாகுதுல்ல, அத அப்படியே அஞ்சாம் தேதி மச்சினனுக்கு ஜிபேல போட்டு விடுங்க. ஆயிரம்தானேன்னு கூச்சப்படாதீங்க. கார்டு முடிஞ்சதும் அந்த 5,500உம் அவருக்குத்தான்னு இப்பவே நேர்ல போய் சொல்லிருங்க, போன்ல வேணாம்.

போனஸ் கைக்கு வந்த அன்னிக்கே இந்த 60,000த்தையும் பிரிச்சு கட்டிருங்க, துணி எடுக்கக் கெளம்புறதுக்கு முன்னாடி.