“எல்லாம் ஒரிஜினல்” என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

எழுபதுகளில் வந்த மாரன்ட்ஸ் 2270 ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த செட்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம். உள்ளே ஒரு பாகம்கூட மாற்றவில்லை, எல்லாம் ஒரிஜினல் என்கிறார் விற்பவர். ஒன்றரை லட்சம் சொல்கிறார். அந்தக் காலத்துச் சத்தம் இப்போதைய ஆம்ப்ளிஃபையரில் வராது என்று நண்பர்கள் ஏற்றிவிடுகிறார்கள். வாங்கலாமா?

க., கோவை

அன்புள்ள க.,

நானாக இருந்தால் அந்த “எல்லாம் ஒரிஜினல்” என்ற பேச்சை வைத்தே விலையைக் குறைக்கச் சொல்லியிருப்பேன். உள்ளே இருப்பவை ஐம்பது வருடத்து எலக்ட்ரோலைடிக் கண்டன்சர்கள், அதாவது உள்ளே திரவம் வைத்து மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள். அவற்றின் திரவம் நாளாக ஆக வற்றும். வற்றினால் பாட்டே போடாதபோதும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் கேட்கும். வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் அழுக்குதான், அதற்குப் பயப்பட வேண்டாம். கண்டன்சர்களை மாற்றி, பயாஸ் (பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்சார அளவு) சரிசெய்து, பில்லும் கையில் வைத்திருப்பவர் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தக் காலத்து செட்டுகளின் கனம், அதாவது எடை, நிஜம். 1974இல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. அதுவரை கம்பெனிகள் வாய்க்கு வந்த வாட் கணக்கை விளம்பரத்தில் போட்டுவந்தன. இனிமேல் சொல்கிற வாட்டில் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன்பிறகு இரண்டு சேனலையும் சேர்த்து இயக்கி அளக்க வேண்டும் என்றார்கள். ஆம்ப்ளிஃபையர் நன்றாகச் சூடேறும் இடம் அது. தாங்க வேண்டுமானால் சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட் சிங்க் வேண்டும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிறகு யார் பெரியவர் என்ற போட்டி. 1976இல் பயனியர் கம்பெனியின் எஸ்எக்ஸ்-1250 ரிசீவர் சேனலுக்கு 160 வாட் என்றது. 1978இல் எஸ்எக்ஸ்-1980 வந்து 270 வாட் என்றது. இன்று அத்தனை செம்பையும் இரும்பையும் போட்டுச் செய்தால் விலை எங்கேயோ போய்விடும்.

ஆனால் கனம் காதில் கேட்காது. ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களை, ஒலியளவைச் சரிசமமாக வைத்து, எது ஓடுகிறதென்று சொல்லாமல் போட்டுக்காட்டினால் பெரும்பாலோர் திணறிப்போவார்கள். சத்தம் ஒரு இம்மி கூடினாலும் ‘இதுதான் நல்லா இருக்கு’ என்போம், அவ்வளவுதான் நம் காது. (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த சில வால்வ் ஆம்ப்ளிஃபையர்கள் வேறு ரகம். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் அவற்றின் தொனியே மாறும்.) ஆக, சத்தத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். அந்த நீல டயல் வெளிச்சத்துக்கும், விரலால் உருட்டி ஸ்டேஷன் பிடிக்கும் சக்கரத்துக்கும் ஆசைப்பட்டால் அது உங்கள் இஷ்டம். எனக்கும் அந்த ஆசை உண்டு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பின்னால் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது என முதலில் பாருங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. வருடக்கணக்கில் சும்மா கிடந்த செட் என்றால் சீரிஸ் லேம்ப் போட்டே (மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாமல் இருக்க நடுவே ஒரு பல்பை வைத்து) ஆன் செய்யச் சொல்லுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதன் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து டிசி வோல்ட்டேஜ் பாருங்கள், அது ஸ்பீக்கருக்கு ஆகாது. ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். மீட்டர் வைக்கவே விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.