ஆல்பர்ட் கான் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கட்டிடக்கலை மூன்றாமாண்டு மாணவன் நான். அமெரிக்காவில் ஆலைகளை வடிவமைத்த ஆல்பர்ட் கானைப் பற்றிக் கருத்தரங்கில் பேசவேண்டும். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டுக்கு ஷெட் போட்டுக் கொடுத்தவரைக் கலைஞர் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு கட்டிடக் கலைஞரான லூயி கான் இவருக்கு உறவா? யூத வெறுப்பைப் பரப்பிய ஃபோர்டிடம் ஒரு ரபியின், அதாவது யூத மதகுருவின் மகன் எப்படி வேலை பார்த்தார்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

லூயி கான் உறவில்லை. ஃபோர்டின் பத்திரிகை யூதர்களை வசைபாடிய அதே 1920களில் ஆல்பர்ட் கான் ரூஜ் ஆற்றங்கரையில் அவருக்கு ஆலை கட்டிக்கொண்டிருந்தார், உண்மைதான். அதைப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், கட்டிடம் பிடிபடாது.

'ஷெட்' என்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். தம்பி, ஒரு ஷிப்டு முழுக்க ஆலைக்குள் நின்றிருக்கிறீர்களா? என் அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தார். ரம்பத்தின் பல்வரிசை போல ஏறி இறங்கும் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கு பார்த்த கண்ணாடி. அறுந்த இழை பகலில் தானே கண்ணில் படும், ராத்திரி ஷிப்டில் குழல்விளக்கடியில் தேடவேண்டும் என்பார். அந்தக் கூரை இங்கிலாந்து நெசவாலைகளில் முன்பே உண்டு. 1906இல் பஃபலோவில் பியர்ஸ் கார் ஆலைக்குக் கானும் அதையே வைத்தார்.

அவர் செய்த பெரிய காரியம் சுவரில். பழைய ஆலைகளில் சுவர்தான் பாரம் தாங்கும். ஜன்னலைப் பெரிதாக்க முடியாது. உள்ளே நெருக்கமாகத் தூண்கள், எண்ணெய் ஊறிய பலகைத் தளம், ஒரு பொறி பட்டால் போச்சு. 1905இல் டெட்ராய்ட்டில் பேக்கார்ட் கார் ஆலையின் பத்தாம் எண் கட்டிடத்தைக் கான் கம்பி போட்ட கான்கிரீட்டில் எழுப்பினார். அந்தக் கம்பி கானின் தம்பி ஜூலியஸ் கண்டுபிடித்தது: அதன் இருபக்கச் சிறகுகளையும் வெட்டி மேல்நோக்கிச் சாய்த்து வளைத்திருக்கும். பாரம் தூணுக்குப் போயிற்று, சுவருக்கு வேலையில்லை. அந்த இடத்தையெல்லாம் கண்ணாடிக்குக் கொடுத்தார். 1910இல் திறந்த ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையைப் படிக மாளிகை என்றே சொன்னார்கள்.

கருணையில் வந்த வெளிச்சமில்லை அது. 1913இல் அங்கேதான் நகரும் அசெம்பிளி லைன் ஓடியது: ஆள் நின்ற இடத்தில் நிற்பார், வேலை அவரைத் தேடி நகர்ந்து வரும். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் வேலை, அதாவது காரின் அடிச்சட்டத்தைப் பூட்டும் வேலை, சில மாதங்களில் ஒன்றரை மணி நேரமாயிற்று. அந்த வேலை தாளாமல் ஆட்கள் கூட்டம்கூட்டமாக வேலையை விட்டார்கள். முதலாளிக்காக வந்த வெளிச்சம்தான். அதனால் தொழிலாளியின் கண்ணுக்கு அது உதவாமல் போய்விடுமா?

சோவியத் ரஷ்யாவில் கட்டிய நூற்றுக்கணக்கான ஆலைகளைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள், விடுங்கள். பக்கத்தில் ஏதாவது பழைய ஆலைக்குப் போய், விளக்கை அணைக்கச் சொல்லி, ஜன்னலிலிருந்து எத்தனை அடி உள்ளே போனால் செய்தித்தாளைப் படிக்க முடியாமல் போகிறது என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். கலைஞரா இல்லையா என்பதை உங்கள் பேராசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.