பெரட்டு இல்லாத மூன்று காலை

கேள்வி: டீச்சர், நான் தோட்டத்தில் முதலில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்து, பிறகு செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்றவன். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் என்னையும் அம்மாவையும் கிர்கிஸ்தான் கூட்டிப்போய் மலைமேல் கம்பளிக் கூடாரத்தில் மூன்று ராத்திரி தங்கவைக்கிறேன் என்கிறாள். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், கிடந்தது போதாதா? முழங்கால் வலி வேறு. மாடு சாப்பிட மாட்டேன். போகலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: போங்கள் ஐயா. ஆனால் எந்த ஏரிக்கரைக் கூடாரம் என்று மகளிடம் முதலில் கேளுங்கள்.

நான் போனது சோங்-குல் ஏரி. 3,016 மீட்டர் உயரம், நம் கேமரன் மலை தானா ராத்தாவைப் போல இரண்டு மடங்கு. முதல் ராத்திரி தலைவலி. கழிப்பறை வெளியே, தூரத்தில், பலகை அடித்த குழி. டார்ச்லைட்டோடு போய்க் குந்திவிட்டேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பலகையைப் பிடித்துத் தொங்கி எழுந்த கதையை என் மருமகன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

உங்கள் காலுக்கு இசிக்-குல் ஏரிக்கரை போதும். உயரம் சுமார் 1,600 மீட்டர்தான். கட்டிலும், உட்காரும் கழிப்பறையும் உள்ள முகாமாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பல இடங்களில் தரையில்தான் மெத்தை விரிப்பார்கள்.

சாப்பாடா? அங்கே ஆடு, மாடு, குதிரை எல்லாமே உண்டு. 'எத் ஜெபெய்ம்' என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். நான் அதைச் சொன்னதும் உருளைக்கிழங்கு, முட்டை, பூர்சோக் என்ற பொரித்த மாவுருண்டை, ஜாம் எல்லாம் வந்தன. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸும் கொடுப்பார்கள். கள்ளுக்கடை ஞாபகம் உள்ளவருக்கு முகம் சுளிக்காது. லேசாக ஏறும், பார்த்துக் குடியுங்கள்.

லயத்தில் கிடந்தது போதாதா என்றீர்களே, அதற்கு வருகிறேன். சோங்-குல் பக்கம் மரமே கிடையாது. சாயங்காலம் அந்த வீட்டுப் பெண் காய்ந்த சாணியை அடுப்பில் திணித்துப் பற்றவைத்தாள். புகை மூக்கில் ஏறியதும், எங்கள் மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போட்ட அதே வாடை! விடிந்ததும் அவள் வெளியிலிருந்து கயிற்றை இழுத்தாள். கூரை உச்சியை மூடியிருந்த கம்பளி விலகி, தூந்தூக் என்கிற மர வளையம் தெரிந்தது. அவர்கள் தேசியக் கொடியின் நடுவில் இருப்பதும் அதுதான். அதன் வழியாக வட்டமாக விழுந்த வெயில் கம்பளி விரிப்பில் ஊர்ந்து ஊர்ந்து என் கால்மாட்டுக்கு வந்து சேரும்வரை படுத்தே கிடந்தேன். போனுக்கு லைன் இல்லை, யாரும் எழுப்பவில்லை. அத்தனை வருஷம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அந்தக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடினீர்களே, லயத்தில் என்றைக்காவது இப்படிக் கிடந்திருக்கிறீர்களா?

அப்புறம், ஜூலையிலும் ராத்திரி குளிரும். ஸ்வெட்டரும் கோடாலித் தைலமும் கைப்பையிலேயே இருக்கட்டும்.