கதவில் உட்காராத ஸ்பீக்கருக்கு வீட்டிலேயே ஒரு வளையம்

கேள்வி: என் பழைய காரின் முன்கதவு ஸ்பீக்கர்கள் கிழிந்துவிட்டன. புதிதாக ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். கதவில் இருக்கும் ஸ்க்ரூ துளைகளுக்கும் இதற்கும் பொருந்தவில்லை. காந்தம் வேறு கண்ணாடியில் இடிக்கும்போலத் தெரிகிறது. ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் நடுவில் வைக்க என்று கடையில் விற்கும் ஸ்பேசர் வளையத்துக்குச் செலவழிக்காமல், வீட்டில் கிடக்கும் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டில் நானே மவுண்ட் செய்துகொள்ளலாமா?

பதில்: நீங்களே செய்யலாம். ஜிக்சாவும் (வளைவாக அறுக்கும் மின்ரம்பம்) டிரில்லிங் மெஷினும் இரவல் கிடைத்தால் ஒரு நாள் வேலைதான். அந்த எம்.டி.எஃப் துண்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கார் கதவின் உட்புறம் காய்ந்த இடம் அல்ல. கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். கார்கள் அப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. உங்கள் வளையம் உட்காரப்போவது அந்தத் தண்ணீர் ஓடும் பக்கத்தை ஒட்டி. எம்.டி.எஃப் ஈரத்தைக் குடித்து உப்பும், ஸ்க்ரூ பிடித்த இடம் மாவாகும். வேறு வழியில்லை என்றால் அறுத்த ஓரங்கள், ஸ்க்ரூ துளைகளின் உட்புறம் எல்லாம் சேர்த்து எபாக்ஸியோ எண்ணெய் பெயின்டோ மூன்று கோட் கொடுங்கள். நான் அந்தப் பாடு படமாட்டேன்.

என் ஓட்டு காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகைக்கு. கனமான வெள்ளைப் பலகைகள் பெரும்பாலும் எச்.டி.பி.இ என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். ஜிக்சாவை வேகமாக ஓட்டினால் மட்டும் உருகி, அறுத்த இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெரிய பல் பிளேடு போட்டு மெதுவாக ஓட்டுங்கள். பெயின்டும் பசையும் அதில் ஒட்டாது என்பதால், இரண்டு பலகையை ஒட்டித் தடிமன் கூட்ட நினைக்காதீர்கள், போல்ட் போட்டு இறுக்குங்கள். அடுத்த இடம் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கு. அக்ரிலிக் வேண்டாம், ஸ்க்ரூ இறுக்கும் இடத்திலேயே விரிசல் விடும். 3டி பிரின்டர் வைத்திருக்கும் நண்பர் உதவ வந்தால், பி.எல்.ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரில் அந்தச் சூடு ஏறுவது பெரிய விஷயமே இல்லை.

எவ்வளவு தடிமன் வேண்டும்? இதை ஊகிக்காமல் அளந்து முடிவு செய்யுங்கள். கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளக்கவும். 52 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். ஸ்பீக்கரின் விளிம்புக்குப் பின்புறத்திலிருந்து காந்தத்தின் முனை வரை 62 மி.மீ. இருந்தால், குறைவது 10 மி.மீ. கதவை அறையும்போது கண்ணாடி ஆடும், அதற்கு ஒரு 6 மி.மீ. சேர்த்தால் 16. ஆக, 18 மி.மீ. தடிமன் போதும். பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் என்று 25 மி.மீ. வைத்தீர்கள் என்றால், ஸ்பீக்கர் முன்னால் துருத்திக்கொண்டு டோர் பேட் (கதவின் உட்புற மூடி) மூடாது; மூடினாலும் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோன் வெளியே வரும்போது மேலிருக்கும் ஜாலியில் (துளைத் தகட்டில்) தட்டும். அதனால் முன்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். களிமண் உருண்டை ஒன்றைக் காந்தத்தின் பின்னால் ஒட்டி, ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்துப் பிடித்தபடி கண்ணாடியை இறக்கினால், உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதே மிச்ச இடைவெளியைக் காட்டிவிடும்.

வடிவத்துக்குப் பழைய ஸ்பீக்கர்தான் அச்சு. அதை அட்டையில் வைத்து வெளிக்கோட்டையும் துளைகளையும் வரைந்து, அட்டையை வெட்டிக் கதவில் வைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு பலகைக்கு மாற்றுங்கள். உள்வட்டத்தின் அளவு புது ஸ்பீக்கரின் பெட்டியிலேயே இருக்கும். கதவுக்குப் போகும் ஸ்க்ரூக்களும் ஸ்பீக்கரைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி ஸ்பீக்கரைச் சற்றுத் திருப்பி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிக்சாவில் அறுப்பதானால் முதலில் உள்வட்டம், அப்புறம் வெளிவட்டம். பலகை பெரிதாக இருக்கும்போதுதான் கிளாம்ப் போட்டுப் பிடிக்க முடியும். அறுத்ததும் உள்வட்டத்தின் பின்பக்க ஓரத்தை அரத்தால் சாய்வாகச் சீவிவிடுங்கள். தடிமனான வளையம் ஸ்பீக்கரின் முதுகை ஒட்டி நின்றால் பின்னால் காற்று திணறும். ஸ்க்ரூ வரும் இடங்களை மட்டும் சீவாமல் விடவும்.

பலரும் இந்த இடத்தோடு வேலை முடிந்தது என்று மாட்டிவிடுகிறார்கள். பிறகு, பழைய ஸ்பீக்கரில் இருந்த பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) கூட இதில் இல்லையே என்று கேட்கிறார்கள். கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் வரும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் நேர் எதிரானவை. வளையத்தைச் சுற்றி எங்காவது இடைவெளி இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும், முதலில் காணாமல் போவது பேஸ். எந்தப் பலகை என்பதைவிட இதுதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு சுற்று, வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு சுற்று ஃபோம் டேப் ஒட்டுங்கள். தண்ணீரை உறிஞ்சாத ரகமாக இருக்கட்டும். மெத்தை ஸ்பாஞ்ச் உதவாது. சிலிகான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்கவும், அதில் வரும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்திருந்தால் அதையும் ஒட்டி மூடுங்கள்.

மாட்டும்போது முடிந்தவரை கம்பெனி போட்ட துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைத்தே ஆகவேண்டும் என்றால் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, பின்னால் ஒயரோ பூட்டுக் கம்பியோ இல்லை என்று கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகு டிரில்லை எடுங்கள். துளைத்த இடத்தில் தொட்டுவைக்கக் கொஞ்சம் பெயின்ட் தயாராக இருக்கட்டும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். உங்கள் காரில் அது இருந்தால் தகட்டை வெட்டிப் பெரிதாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், கதவின் உள்ளறை எந்த அளவுக்கு மூடியிருக்கிறது என்பதை நம்பித்தான் அது மோதலை உணர்கிறது.

டோர் பேடைத் திரும்ப மாட்டுவதற்கு முன் கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள், கதவை ஓங்கி மூடிப் பாருங்கள். ஒயரை இணைக்கும் முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கொஞ்ச நேரம் மட்டும் ஸ்பீக்கரில் தொட்டுப் பார்த்தால் பிளஸ், மைனஸ் தெரிந்துவிடும்: பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே வரும். இரண்டு கதவிலும் ஒரே மாதிரி இணையுங்கள். ஒன்று மாறிப் போனாலும் பேஸ் மெலிந்துவிடும், நீங்கள் வளையத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பீர்கள்.