ஆழமான சுண்ணாம்புச் சத்துள்ள இருமண் நிலம் என்றால் என்ன?

மணல், வண்டல், களி மூன்றும் எதுவும் மிஞ்சாமல் கலந்திருப்பது இருமண். ஒரு மீட்டருக்குக் கீழும் பாறை தட்டாமல் போனால் அது ஆழமான மண். அதில் சுண்ணாம்பு தூளாகவோ, விவசாயிகள் சுக்கான் கல் என்று சொல்லும் வெள்ளை உருண்டைகளாகவோ கலந்திருந்தால் சுண்ணாம்பு மண். கோவைப் பக்கம் கிணறு வெட்டிய மண்ணைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

மழை குறைந்த ஊர்களில் சுண்ணாம்பை அடித்துக் கீழே கொண்டுபோக தண்ணீர் போதாது. அதனால் அது மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

நல்ல பக்கம் நிறைய. வேர் ஆழமாக இறங்கும், ஈரம் நிற்கும், வடிகாலும் பரவாயில்லை. தொல்லை எங்கே என்றால், கார அமில நிலை (pH) பெரும்பாலும் 7.5க்கு மேல் போய்விடும். அப்போது இரும்பும் துத்தநாகமும் கரையாது, மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். ரேஷன் கடையில் சரக்கு இருந்தும் கடை பூட்டியிருக்கிற மாதிரி. நிலக்கடலையில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை என்று சந்தேகிக்கலாம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டுவதைவிட கரைத்து இலையில் தெளிப்பதே பலன் தரும். தொழு உரமும் கைகொடுக்கும்.

மண்ணில் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டால் நுரைக்கும், அதுதான் எளிய சோதனை.

அப்புறம், வெள்ளையாகத் தெரிந்தாலே களர் நிலம் என்று ஜிப்சம் போடுகிறார்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களருக்குத்தான், வெறும் சுண்ணாம்பு மண்ணுக்கு அது வேண்டியதில்லை.